செவ்வாயின் கூரிய கற்களில் கிழிந்த சக்கரங்கள்: கியூரியாசிட்டி அனுப்பிய படங்கள் காட்டும் பாதை

செவ்வாய்க் கோளில் கியூரியாசிட்டி ஆய்வூர்தி கடந்து வந்த பாதையை அறிய வேண்டுமெனில், அது அனுப்பிய பாறைப் படங்களை வரிசையாகப் பார்த்தாலே போதுமானது. அவற்றுள் பெரும்பாலானவை மலை, பள்ளம், மணல் ஆகியவற்றைக் காட்டுபவை. ஆனால், அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் பொறியாளர்கள் மிகுந்த கவலையுடன் பார்த்து வருபவை வேறு சில படங்கள். அவை ஆய்வூர்தியின் சொந்தச் சக்கரங்களின் படங்கள்.

இந்திய நேரப்படி 2012 ஆகஸ்ட் 6-ஆம் தேதி காலை 11 மணியளவில், கேல் என்னும் பெரும்பள்ளத்தில் கியூரியாசிட்டி தரையிறங்கியது. சுமார் 154 கிலோமீட்டர் விட்டம் கொண்ட அப்பள்ளத்தின் நடுவே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்துக்கு ஷார்ப் மலை எழுந்து நிற்கிறது. அடுக்கடுக்காகப் படிந்த அதன் பாறைகளில் ஏறி, செவ்வாயில் ஒரு காலத்தில் நீர் இருந்த வரலாற்றை வாசிப்பதே திட்டம்.

தொடக்கமே நம்பிக்கை அளிப்பதாக இருந்தது. 2012 செப்டம்பரில் வெளியான படங்களில், உருண்டு வழவழப்பான கூழாங்கற்கள் ஒட்டிய பாறைத் துண்டு ஒன்று தென்பட்டது. காற்றால் இத்தகைய கற்களை உருட்டிச் செல்ல இயலாது என்பதால், அங்கு ஓடை ஒன்று ஓடியது உறுதியானது. மறு ஆண்டு, யெல்லோநைஃப் பே என்னுமிடத்தில் துளையிட்டு எடுத்த பாறைத்தூளில் களிமண் கனிமங்கள் கிடைத்தன. நுண்ணுயிர்கள் வாழத்தக்க நன்னீர் ஏரி அங்கு இருந்தது என விஞ்ஞானிகள் முடிவுக்கு வந்தனர். உயிர்கள் இருந்தன என்று அவர்கள் கூறவில்லை. இருக்கத்தக்க சூழல் இருந்தது என்பது மட்டுமே அம்முடிவு.

எதிர்பாராத சேதம்

2013-ஆம் ஆண்டின் இறுதியில் நிலைமை மாறியது. ஆய்வூர்தியின் கை நுனியில் உள்ள கேமரா எடுத்த படங்களில், சக்கரங்களின் தோலில் ஓட்டைகளும் கிழிசல்களும் வேகமாகப் பெருகி வருவது தெரிந்தது. சுமார் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்த ஆறு சக்கரங்களும் அலுமினியத்தால் ஆனவை. தோலின் தடிப்பு 0.75 மில்லிமீட்டர் மட்டுமே. எடையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. தரையில் உறுதியாகப் பதிந்து, காற்றால் அரிக்கப்பட்டு ஈட்டிமுனைபோல் கூர்மையடைந்த கற்கள் அவற்றைக் குத்திக் கிழித்தன. தளர்ந்து கிடக்கும் கல் சக்கரத்தின் கீழ் நகர்ந்துவிடும். பதிந்த கல் நகராது. சுமார் 900 கிலோ நிறையுள்ள ஊர்தியைப் பின் சக்கரங்கள் உந்தும்போது, முன் சக்கரங்களும் நடுச் சக்கரங்களும் அக்கற்களின் மீது அழுத்தப்பட்டன.

பழுது பார்க்க அங்கு எவரும் இல்லை. எனவே பாதையையே மாற்றினர். 2014 பிப்ரவரியில், டிங்கோ கேப் என்னும் இடுக்கில் குறுக்கே கிடந்த சுமார் ஒரு மீட்டர் உயர மணல்மேட்டைத் தாண்டி, கற்கள் குறைந்த நிலப்பகுதிக்கு ஊர்தி இறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மலையடிவாரத்தை அடைந்தது. (இந்தியாவின் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்ததும் அதே மாதத்தில்தான்.)

2017 மார்ச்சில் வந்த வழக்கமான சோதனைப் படங்களில், இடது நடுச் சக்கரத்தின் பட்டைகளில் இரண்டு உடைந்திருந்தன. ஊர்தியின் எடையைப் பெருமளவு தாங்குபவை, தரையைப் பற்றிக்கொள்பவை இப்பட்டைகளே. ஒரு சக்கரத்தில் மூன்று பட்டைகள் உடைந்தால், அதன் ஆயுளில் ஏறத்தாழ 60 சதவீதம் முடிந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும் எனப் பூமியில் நடத்திய சோதனைகள் காட்டியிருந்தன. அதே ஆண்டு, தரைக்கேற்ப ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் மாற்றி அழுத்தத்தைக் குறைக்கும் மென்பொருள் ஊர்திக்கு அனுப்பப்பட்டது. அதன் பயனாக, 500 மீட்டருக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட சக்கரப் படங்கள் பின்னர் 1,000 மீட்டருக்கு ஒருமுறை எடுத்தால் போதும் என்றாயிற்று.

திரும்பி வந்த ஊர்தி

ஆயினும் கற்கள் விடவில்லை. 2022 மார்ச்சில், கிரீன்ஹியூ என்னும் சரிவான மேட்டில் முதலையின் முதுகுச் செதில்களைப் போன்ற கற்பரப்பு படங்களில் விரிந்தது. அதைக் கடந்தால் சக்கரங்களின் ஆயுள் வெகுவாகக் குறையும் என்பதால், குழுவினர் ஊர்தியைத் திருப்பி வேறு வழியில் மலையேற்றினர். அறிவியலுக்காகச் சென்ற ஊர்தி, அறிவியல் ஆர்வம் மிக்க ஓரிடத்தை விட்டு விலகிய தருணம் அது. எனினும் சரியான முடிவே எனலாம்.

ஏனெனில், கல்லால் கிழிந்த அதே சக்கரங்கள் 2024 மே 30-இல் ஒரு கல்லை உடைத்தன. கெடிஸ் வாலிஸ் கால்வாயில் ஊர்தி ஏறிச் சென்ற பாறை நொறுங்க, உள்ளே மஞ்சள் நிறப் படிகங்கள் மின்னின. ஆய்வில் அவை தூய கந்தகம் எனத் தெரிந்தது. கந்தகம் கலந்த உப்புகள் அங்கு முன்பே அறியப்பட்டவை. தூய கந்தகம் செவ்வாயில் காணப்பட்டது அதுவே முதல்முறை. அப்பகுதி முழுவதும் அதேபோன்ற வெளிறிய கற்கள் பரவிக் கிடந்தன. அங்கு அது இருப்பதற்குரிய காரணம் இன்னும் விளங்கவில்லை. திட்ட விஞ்ஞானி அஸ்வின் வாசவாடாவும் அதை எதிர்பாராத கண்டுபிடிப்பாகவே குறிப்பிட்டார்.

கியூரியாசிட்டி கற்ற பாடம் அடுத்த ஊர்திக்குப் பயன்பட்டது. 2021 பிப்ரவரியில் ஜெசெரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்சின் சக்கரங்கள் தடித்த தோலுடனும், 24-க்குப் பதிலாக 48 பட்டைகளுடனும் அமைக்கப்பட்டன.

மூத்த ஊர்தியோ தேய்ந்த சக்கரங்களுடனேயே ஏறிக்கொண்டிருக்கிறது. 2025-இல் அது அடைந்த பகுதி, சுற்றுப்பாதையிலிருந்து பார்த்தால் சிலந்தி வலையைப் போலத் தோன்றும் தாழ்ந்த பாறை வரப்புகளால் ஆனது. நிலத்தடி நீர் வெடிப்புகளில் விட்டுச் சென்ற கனிமங்கள் இறுகியதால் அவை அரிப்பைத் தாங்கி நின்றன எனக் கருதப்படுகிறது. அவ்வரப்புகளின் படங்கள், வழக்கம்போல் எவரும் பார்க்கும் வகையில் நாசாவின் இணையதளத்தில் வெளியிடப்பட்டு வருகின்றன.