லுமுட் துறையில் ஒரு தமிழ்ச் சொல்

ஈப்போவிலிருந்து சித்தியவான் வழியே லுமுட் சென்றோம். 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையால் பிரிட்டிஷார் வசமாகி, 1935இல் பேராக்கிடம் மீண்ட டிண்டிங்ஸ் பகுதியில் உள்ளது இத்துறை. விடுதலைக்குப் பின், சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருந்த தலைமைத் தளத்திற்கு மாற்றாக, மலேசியக் கடற்படைக்கென இங்கே தளமும் குடியிருப்பும் திட்டமிட்டு எழுப்பப்பட்டன.

இங்குள்ள போர்க்கப்பல்களின் பெயருக்கு முன்னால் ‘கே.டி.’ என்னும் ஈரெழுத்து வழங்கும். ‘கப்பால் டிராஜா’, அதாவது அரச கப்பல், என்பது அதன் விரிவு. நம் ‘கப்பல்’ என்னும் சொல்லே மலாய்மொழியில் ‘கப்பால்’ ஆயிற்று. ரப்பர்த் தோட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே கடல்வணிகத்தின் வழியே அது இங்கு வந்து சேர்ந்தது.

தமிழர் இந்நாட்டிற்குத் தந்தது உடலுழைப்பு மட்டுமே என்று பால்மரம் சீவ வந்தோரின் பேரப்பிள்ளைகளிடம் கூறுவோர் இன்றும் உளர். ஆசிரியர்கள் அப்பிள்ளைகளை லுமுட்டுக்கு அழைத்துச் சென்று அவ்வீரெழுத்தின் பொருளை உணர்த்துவார்களாக.