‘ஜகாட்’டும் தோட்டம் கலைந்த காலமும்

குற்றக் கதையைச் சொல்லும் திரைப்படம் வரலாற்றுக்குச் சான்றாகுமா? ஆகும் என்பதே நமது கருத்து. போலந்து நாட்டில் 1989இல் பொதுவுடைமை ஆட்சி முடிவுற்றது. மறு ஆண்டே அதன் இரகசியப் போலீஸ் துறை கலைக்கப்பட்டது. அத்துறையில் இருந்தவர்களுள் சிலர் குற்றக் கும்பலுடன் சேர்வதைப் பசிகோவ்ஸ்கி இயக்கிய ‘ப்ஸி’ என்னும் படம் 1992இல் காட்டிற்று. பழைய அமைப்பு சரிந்தபோது அதனுள் வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள்? இதுவே அப்படம் எழுப்பிய கேள்வி.

இக்கேள்வியை நம்மவர் வரலாற்றிலும் கேட்கலாம். அதைப் பினாங்கிலிருந்தே தொடங்கலாம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர் பலர் முதலில் கால் வைத்த மண் இது. ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில், 19ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். பின்னர் ரப்பர் வந்தது. வேலை, வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி யாவும் தோட்டத்துக்குள்ளேயே அமைந்தன. ஆனால் வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும்.

1950களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்படலாயின. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழிசெய்தார். எனினும் எல்லாத் தோட்டங்களையும் காக்க இயலவில்லை. செம்பனைக்கு ரப்பரைவிடக் குறைந்த ஆள்களே போதும். வீடமைப்புக்கும் நிலம் தேவைப்பட்டது. பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் 1970களில் பெருகிய தொழிற்சாலைகள் பலருக்கு வேலை தந்தன. தோட்டம் தந்த வீட்டையும் கோயிலையும் பள்ளியையும் அவை தரவில்லை. நாட்டின் பல பகுதிகளிலும் பால்மரம் சீவிய குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த மலேசியத் தமிழ்ப் படமான ‘ஜகாட்’ இங்கேதான் தொடங்குகிறது. கதை நடப்பது 1990களின் தொடக்கத்தில். கெட்டவன் என்று பொருள்படும் ‘ஜஹாட்’ என்னும் மலாய்ச் சொல், நம்மவர் பேச்சில் மருவிப் படத்தின் பெயராயிற்று. அப்போய் என்னும் 12 வயதுச் சிறுவன் குறும்பும் கற்பனையும் நிறைந்தவன். படித்து முன்னேற வேண்டுமென்று தந்தை அடிக்கிறார், பள்ளியும் தண்டிக்கிறது. குண்டர் கும்பலின் உலகமோ அவனைக் கவர்ந்து இழுக்கிறது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக இது தேர்வு பெற்றது.

குண்டர்தனம் நம் இளைஞரின் பிறவிக் குணம் என்று பேசுவோர் உளர். மேலே கண்ட ஆண்டுகளே அதற்கு மறுமொழி. அதேவேளை, தோட்டத்தை விட்டு வந்தவர்களுள் மிகப் பலர் நேர்மையாக உழைத்தே பிள்ளைகளை ஆளாக்கினர் என்பதையும் மறத்தலாகாது. ஆகவே, இடம்பெயர்வு மட்டுமே ஒருவனைக் குற்றவாளியாக்கிவிடுவதில்லை. புதிய இடத்தில் அவனை யார் அரவணைத்தார்கள், யார் விரட்டினார்கள் என்பதையும் சேர்த்தே நாம் கணக்கிட வேண்டும். அப்போயைக் கெட்டவன் என்று முதலில் அழைத்தது குண்டர் கும்பல் அன்று.