உது தமிழ் கதைக்குமே?

இலக்கியம் பேசவேண்டிய இவ்வேளையில் ஒரு பழைய கணனியைப் பற்றி என்ன பேச்சு என்று நேயர்கள் சிலர் நினைக்கக்கூடும். நான் பேச வந்தது கணனியைப் பற்றியன்று. அதனை நேசித்த மனிதரின் தாய்மொழிகளைப் பற்றி. அம்மொழிகளுள் எங்கள் தமிழ் எங்கே நின்றது என்பதைப் பற்றி.

1982ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆந் திகதி, கேம்பிரிட்ஜ் நகரத்துச் சின்கிளேயர் கம்பனி 'ஸ்பெக்ட்ரம்' என்ற வீட்டுக் கணனியை வெளியிட்டது. ஒரு தடித்த புத்தகமளவு கறுப்புப் பெட்டி. அதன்மேல் 40 றப்பர் விசைகள். திரை கிடையாது. வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியிலே பொருத்த வேண்டும். நிரல்களைச் சாதாரண கசெற்றிலே பதிந்து வைக்க வேண்டும். சிறியது 125 பவுண், பெரியது 175 பவுண். அக்காலத்தில் கணனி என்றாலே பணக்காரக் கம்பனிகளின் பொருள் என்றிருக்க, சிறுவர்கள் தம் படுக்கையறையில் வைத்திருக்கத்தக்க விலைக்கு அதனைக் கொண்டுவந்தவர் கிளைவ் சின்கிளேயர். அவர் 2021இல் காலமானார். அவருடைய பெட்டி ஐம்பது இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. பிற நாட்டார் அனுமதி பெறாமலே பிரதி செய்தவை இக்கணக்கில் இல்லை.

அந்தப் பெட்டிக்குத் தெரிந்த மொழி ஆங்கிலம் ஒன்றே. ஆனால் அதிலும் ஒரு விசித்திரம் இருந்தது. 'பிறின்ற்' என்று கட்டளையிட விரும்பினால் அச்சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்டவேண்டியதில்லை. 'பி' விசையை ஒருமுறை அழுத்தினால் முழுச்சொல்லும் திரையில் வந்து நிற்கும். பொறிக்குள்ளே அச்சொல் ஒரேயொரு எண்ணாகவே பதியும். நினைவகத்தை மிச்சம் பிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆயினும் ஆங்கில எழுத்துக்கூட்டல் அறியாத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவி! வார்சோவிலோ மொஸ்கோவிலோ இருந்த பையனுக்கு அது ஆங்கிலச் சொல் அன்று, ஓர் அடையாளம். எங்கள் சிறுவர் மந்திரத்தின் பொருள் அறியாமல் மந்திரம் சொல்வதைப் போலவே அவனும் அதனைப் பயின்றான்.

இவ்வாறு ஸ்பெக்ட்ரம் பல மொழியாரின் சொத்தாயிற்று. பிரேசிலிலே 1985இல் 'ரி.கே. 90 எக்ஸ்' என்ற பெயரில் அதனைப் பிரதி செய்தார்கள். உருமேனியாவில் 'எச்.சி. 85', ஸ்லோவாக்கியாவில் 'டிடக்ரிக்'. சோவியத் நாட்டிலோ சந்தையில் வாங்கிய உதிரிப்பாகங்களை வீட்டு மேசையில் வைத்து ஈயம் உருக்கி ஒட்டியே ஆயிரக்கணக்கானோர் தமக்கொன்றைச் செய்துகொண்டனர். 'லெனின்கிராட்', 'பென்டகன்' என்பன அவ்வாறு பிறந்தவை. அதனைப் பிறப்பித்த இங்கிலாந்து 1992இல் உற்பத்தியை நிறுத்திய பின்னரும், ருஷ்ய மொழியிலே அதற்கென்று கணனித் தட்டுகளிற் பதிந்த சஞ்சிகைகள் வந்துகொண்டிருந்தன.

ஸ்பெயின் நாட்டவர் செய்ததைத் தனியாகச் சொல்லவேண்டும். தம் நாட்டில் விற்கும் கணனிகளில் ஸ்பானிய எழுத்துக்கள் இருக்கவேண்டும், பொறி ஸ்பானிய மொழியிலே பேசவேண்டும் என்று அந்த அரசு சட்டம் செய்தது. தலையில் அலைகோடு பூண்ட ஓர் 'என்' எழுத்து அவர்களுக்கு உண்டு. அதனை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராயில்லை. அதன் பயனாக, 128 கிலோபைற் நினைவகம் கொண்ட புதிய ஸ்பெக்ட்ரம் இங்கிலாந்தில் வெளிவருமுன்னரே, 1985 செப்டெம்பரில் ஸ்பெயினில் வெளியாயிற்று. ஓரெழுத்துக்காக ஓர் அரசு வாதாடியது. எழுத்துச் சீர்திருத்தம் பற்றி மேடைதோறும் அடிபட்டுக்கொள்ளும் நாங்கள் இதைக் கொஞ்சம் கவனித்தல் நன்று.

செக் மொழியாருக்கு அரசின் ஆதரவு இருக்கவில்லை. ஃபிரான்ரிஷெக் ஃபூகா என்ற பதின்ம வயதுப் பையன் 1985இல் இந்தியானா ஜோன்ஸ் கதாபாத்திரத்தை வைத்து, வாசித்து விளையாடும் ஒரு விளையாட்டைத் தன் தாய்மொழியிலே எழுதினான். அது கடையில் விற்கப்படவில்லை. கசெற்றிலிருந்து கசெற்றுக்குப் பிரதியாகிக் கைமாறியது. எழுத்து வாசித்து, பதிலெழுதி, கதையை நகர்த்தும் விளையாட்டு அது. ஆகவே அதனை ஒருவகை இலக்கியம் என்று சொன்னால் நேயர்கள் என்னைக் கோபிக்க மாட்டார்கள் என நம்புகிறேன்.

வானொலிக்கும் இக்கதையில் ஒரு பங்குண்டு. கசெற்றில் பதிந்த நிரல் வெறும் கீச்சொலிதான், கேட்கச் சகிக்காது. ஒலியென்றால் அதனை ஒலிபரப்பவும் முடியுமல்லவா? பெல்கிரேட் வானொலியும் போலந்து வானொலியும் 1980களில் நிரல்களை வானலையில் விட்டன; நேயர்கள் தம் வீட்டிலிருந்து பதிவுசெய்து கணனியில் ஏற்றினர். ஒல்லாந்து வானொலியார் இன்னும் ஒருபடி மேலே போய், வெவ்வேறு கம்பனிக் கணனிகள் யாவும் விளங்கிக்கொள்ளத்தக்க 'பேசிகோட்' என்றொரு பொதுமொழியையே ஏற்படுத்தினர்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். தொண்டைமானாறு என்றால் செல்வச்சந்நிதி முருகனும் கடல்நீரேரியும் பலருக்கு நினைவுக்கு வரும். உயர்தர விஞ்ஞான மாணவருக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும்: தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பரீட்சை வினாத்தாள்கள். பௌதிகமும் இரசாயனமும் தூய கணிதமும் தமிழிலே கேட்டு, தமிழிலே விடை எழுதப் பழக்கியவை அவை. எங்களுக்கு இது புதுமையுமன்று. மானிப்பாயிலே அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தவர். ஆகையால் விஞ்ஞானம் தமிழ் பேசும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சந்தேகமற்ற விடயம்.

அத்தகைய ஊருக்குள்ளே 1983 சித்திரை விடுமுறையில், ஆடிக் கலவரத்துக்கு மூன்று மாதம் முன்னதாக, இலண்டனிலிருந்து வந்த எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் ஸ்பெக்ட்ரம் ஒன்றைக் கொண்டுவந்தார். தொலைக்காட்சிப் பெட்டி இருந்த உறவினர் வீட்டில் அதனைப் பொருத்தியபோது விறாந்தை நிறையச் சனம். கசெற் கீச்சிட்டது, திரையிலே நிறக்கோடுகள் ஓடின. அம்மம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்ட வந்து பார்த்தார்.

"உது தமிழ் கதைக்குமே தம்பி?"

"இல்லை அம்மம்மா, இதுக்கு இங்கிலிஷ் மட்டுந்தான் விளங்கும்."

"பேந்தென்னத்துக்கு உதைக் காவிக்கொண்டு வந்தனீ?"

எல்லாரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிரவே அவர் கணக்குக் கொப்பியின் சதுரங்களை எட்டுக்கு எட்டாக அடைத்து எழுத்து வரையத் தொடங்கினார். ஸ்பெக்ட்ரத்தில் ஓரெழுத்து என்பது எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் புள்ளி. பாவனையாளர் தாமே வரைந்துகொள்வதற்கென்று 21 இடங்களை அதில் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு வரிசையையும் பூச்சியமும் ஒன்றுமாக எழுதிக் கொடுத்தால் அந்த உருவம் திரையில் வரும்.

டகரமும் பகரமும் எட்டுப் புள்ளிக்குள் இலகுவில் அடங்கின. மூன்று சுழி ணகரம் அடங்கவேயில்லை. அடுத்த எழுத்தோடு ஒட்டாதிருக்க ஒரு நிரல் வெறுமையாக விடவேண்டும். மிஞ்சிய ஏழு புள்ளி அகலத்தில் மூன்று சுழிகளை எப்படி அடைப்பது? ஈற்றில் ணகரத்துக்கு இரண்டு கட்டம் ஒதுக்கினார். ஐகாரக் கொம்புக்கும் இரண்டு, றுகரத்துக்கும் இரண்டு. தொண்டைமானாறு என்ற எங்கள் ஊர்ப்பெயரை எழுதி முடிக்க 21 இடங்களில் 12 செலவாகிவிட்டது. ஆனாலும் பெயர் திரையில் வந்தது! கறுப்பு வெள்ளைத் திரையிலே, பல்லுப்போன எழுத்துக்களாய், எங்கள் ஊர். மின்சாரத்தை நிறுத்தியதும் அது மறைந்தது. அண்ணன் கசெற்றில் பதிந்து வைத்துக்கொண்டார்.

நான் பின்னர் இதனைக் கணக்கிட்டுப் பார்த்ததுண்டு. ஸ்பெக்ட்ரத்தின் முழு எழுத்துத்தொகுதி 96 குறிகள். அந்த ஆங்கில எழுத்துக்கள் எல்லாவற்றையும் அகற்றிவிட்டு வேறு வரையவும் வழி இருந்தது. தமிழுக்கோ 247 எழுத்து. ஆனால் அச்சிலே தனித்தனி உருவங்களை எண்ணினால் கதை வேறு. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உகர வரிசை 18, ஊகார வரிசை 18: ஆக 67. அரவு, விசிறி, கொம்புகள், புள்ளி என்று 7. டி, டீ இரண்டு. கிரந்தம் 4. இலக்கம் 10. மொத்தம் 90. காற்புள்ளி முற்றுப்புள்ளிகளுக்கு இன்னும் ஆறு இடம் மிச்சம். எண்ணிக்கையில் தமிழுக்கு இடம் இருந்தது, அகலத்திலேதான் இல்லை.

இதே கணக்கை அரைநூற்றாண்டுக்கு முன்னரே போட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவரும் எங்கள் குடாநாட்டார்தாம். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, 1907இல் மலாயா சென்ற ஆர். முத்தையா. ஆங்கிலத் தட்டச்சுப்பொறியின் விசைகள் தரக்கூடிய குறிகள் தொண்ணூறுக்கு அண்மித்தவை. அவற்றுள் தமிழை அமைப்பதற்கு அவர் கண்ட உபாயம் நகரா விசை. புள்ளியையோ விசிறியையோ முதலில் அடித்தால் தாள் நகராது நிற்கும். பிறகு மெய்யை அடித்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே எழுத்தாகும். ஸ்பெக்ட்ரத்திலும் இதற்கு ஒப்பானதொன்று இருந்தது. 'ஓவர்' என்ற கட்டளையைக் கொடுத்து, ஓரிடம் பின்னே சென்று அடித்தால், முன்னைய எழுத்தின்மேல் அடுத்தது படியும். அதன் கைநூல் இதற்கு உதாரணமாகக் காட்டியது தலையில் இரட்டைப்புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்தை. தமிழ்ப் புள்ளியைப் பற்றிக் கேம்பிரிட்ஜில் எவரும் சிந்தித்திருக்க மாட்டார்கள். ஆயினும் முத்தையாவின் உபாயம் அந்த றப்பர் விசைகளின் கீழே உறங்கிக்கொண்டிருந்தது.

ஆடிக் கலவரத்தின் பின் எங்கள் சனம் இலண்டன், ரொறன்ரோ, சூரிச், ஒஸ்லோ என்று சிதறியது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமே இல்லாது போயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. கணனியில் தமிழ் வளர்ந்த கதை வெளியே நடந்தது. கனடாவிலிருந்து கு. ஸ்ரீனிவாசன் 1980களில் 'ஆதமி' என்ற தமிழ்ச் சொற்செயலியைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' முயற்சியைத் தொடங்கினார். சுவிற்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைத் தந்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் அவர் முன்னின்று நடத்தியதே. ஈழத்தவர் மத்தியில் ஆட்சி செலுத்தியதோ 'பாமினி' எழுத்துரு. அதன் விசை வரிசை பெரும்பாலும் பழைய தட்டச்சு வரிசையே. கந்தோரில் தட்டெழுதிய விரல்கள் புதிதாக ஒன்றும் பழகவேண்டியிருக்கவில்லை.

பாமினியின் உபாயம் எங்கள் அண்ணன் கணக்குக் கொப்பியில் செய்ததேதான். பொறி அறிந்தது ஆங்கில எழுத்தின் எண். நாங்கள் அதன்மேல் தமிழ் முகமூடி ஒன்றைப் போட்டோம். 'தமிழ்' என்று பாமினியில் எழுதினால் கணனிக்குள் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் முகமூடி கழன்று அந்த ஐந்து குறிகளும் பல்லிளிக்கும். இதைவிடச் சங்கடம், ஒவ்வொருவரும் ஒவ்வொரு முகமூடி செய்தது. மயிலையில் எழுதியதைப் பாமினியால் வாசிக்க முடியாது. ஒரே தாய்மொழியார் ஒருவரோடொருவர் பேசமுடியாத நிலை. ஒல்லாந்து வானொலியார் கணனிகளுக்குச் செய்த பொதுமொழி எங்கள் எழுத்துக்கே தேவைப்பட்டது. அதற்காகத்தான் 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடு கூட்டினார்கள். சென்னையில் 'தமிழ்99' விசைப்பலகை முடிவாயிற்று. குறியேற்றத்திலோ மேலும் சில பெயர்கள் சேர்ந்தன!

யுனிகோட் என்னும் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991லேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. அது எங்கள் கைகளுக்கு வந்து சேரப் பல வருடம் பிடித்தது. இன்று கைத்தொலைபேசியில் 'தமிழ்' என்று எழுதினால் உள்ளே பதிவது 2980, 2990, 3007, 2996, 3021. இவை வேறெந்த மொழியிடமும் இரவல் வாங்கிய எண்கள் அல்ல.

ஸ்பெக்ட்ரம் அபிமானிகள் இன்றும் இருக்கிறார்கள். 2017இல் பணம் திரட்டிப் புதிதாக ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். 2024இல் பழைய உருவிலேயே இன்னொன்று கடைக்கு வந்தது. ஸ்பானியத்திலும் ருஷ்யத்திலும் போலிஷிலும் அவர்கள் இன்னும் எழுதுகிறார்கள்.

எங்கள் பக்கத்து வேலை வேறு. 1990களில் புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் வெளியிட்ட மலர்கள், கோயிற் கும்பாபிஷேக நூல்கள், நினைவு மலர்கள் எத்தனையோ பாமினியிலே கோக்கப்பட்டவை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தார் அச்சுப்பிரதி கிடைத்தவற்றை இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். ஆனால் அச்சுக்குப் போகாத கையெழுத்துப் பிரதிகள் அலுமாரிகளில் புளொப்பித் தட்டுகளாகக் கிடக்கின்றன. என்னிடமே நான்கு உண்டு. ஒன்றில் எங்கள் ஊர் மீன்பிடி வள்ளங்களின் பெயர்களைப் பெரியவர் ஒருவர் சொல்லச் சொல்லத் தட்டெழுதியது. எழுத்துருவை மாற்றித் தரும் நிரல்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. தட்டை வாசிக்கும் பொறிதான் அருகி வருகிறது. அத்தகைய தட்டுகள் வைத்திருக்கும் நேயர்கள் அடுத்த மழைக்கு முன்னர் அவற்றை வெளியே எடுத்து, தூசு தட்டி, பொறி வைத்திருப்பவர் எவரிடமாவது கொண்டுபோய்க் கொடுங்கள்.