நஞ்சும் கரியும்: சான்றின் வரலாறு

ஒரு மருந்தின் வரலாறு அதனைக் கண்டறிந்த நாளோடு முடிவதன்று. அதன் பயன் எவ்வகைச் சான்றால் நிறுவப்பட்டது என்பதும் அவ்வரலாற்றின் பகுதியேயாம். நச்சுமுறியாகக் கரி ஆளப்பட்ட வரலாற்றினை இந்நோக்கில் ஈண்டு ஆராய்வோம்.

எட்டிக்கொட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கொடிய நஞ்சு ஸ்டிரிக்னின். பிரெஞ்சு மருந்தாளர் துவேரி என்பார், கொல்லும் அளவினும் பன்மடங்கு மிக்க அந்நஞ்சினைக் கரியுடன் கலந்து, மருத்துவக் கழகத்தார் முன்னிலையில் தாமே விழுங்கி உயிர் பிழைத்தார் என்பர். இது 1831ஆம் ஆண்டில் நிகழ்ந்ததாக நூல்கள் பல குறிக்கும். இச்செயல் வியத்தற்குரியதே. ஆயினும், ஆங்கு நஞ்சும் கரியும் முன்னரே கலந்திருந்தன என்பதை நாம் மறத்தலாகாது. நஞ்சுண்டாரோ பெரும்பாலும் நெடும்பொழுது கழிந்த பின்னரே மருத்துவரை அடைகின்றனர். 1846இல் இலண்டன் மருத்துவர் கேராட் விலங்குகளிடத்து ஆய்ந்து, கரியின் அளவும் அதனைக் கொடுக்கும் காலமும் இன்றியமையாதன எனக் காட்டினார்.

கரி நஞ்சினை அழிப்பதன்று. தன் நுண்துளைப் பரப்பில் அதனைப் பற்றிக்கொள்வது. இருபதாம் நூற்றாண்டில் பெருகிய கிளர்வுற்ற கரியின் 1 கிராமில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு அமைதல் கூடும். எனினும், இரும்பு, லித்தியம், மதுச்சாரம் ஆகியவற்றை அது நன்கு பற்றுவதில்லை. 1963இல் அமெரிக்காவில் ஹோல்ட், ஹோல்ஸ் ஆகிய இருவர் வரைந்த கட்டுரை மருத்துவர் கருத்தை மீண்டும் கரியின்பால் ஈர்த்தது.

இனி, இலங்கையில் நடந்த இரண்டு ஆய்வுகளை நோக்குவோம். மஞ்சள் அலரி விதை உண்ட 401 பேரிடத்து நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. அனைவரும் முதலில் ஒருமுறை கரி பெற்றனர். பின்னர் ஒருசாரார் பலமுறை கரியும், மறுசாரார் நீரும் பெற்றனர். முன்னவருள் 5 பேரும் பின்னவருள் 16 பேரும் இறந்தனர். ஆனால், பல்வேறு நஞ்சுண்ட 4,600க்கும் மேற்பட்டோரை ஆய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவு வேறாயிற்று. பலமுறை கரி பெற்றோருள் 6.3 விழுக்காட்டினரும், ஒருமுறை பெற்றோருள் 7.1 விழுக்காட்டினரும், பெறாதோருள் 6.8 விழுக்காட்டினரும் இறந்தனர். இவ்வேறுபாடு தற்செயலாக நேரக்கூடிய அளவினதே. மஞ்சள் அலரி உண்டாரிடத்தும் கரியின் பயன் இவ்வாய்வில் புலப்படவில்லை.

இதனால் கரி பயனற்றது எனத் துணிதல் பொருந்தாது. நஞ்சுண்ட ஒரு மணி நேரத்திற்குள் கொடுப்பின் பயன் மிகுதலுண்டு என்னும் கருத்தை 1997இல் அமெரிக்க, ஐரோப்பிய நச்சியல் மருத்துவர் அமைப்புகள் வெளியிட்டன. அனைவர்க்கும் வழக்கமாகக் கொடுத்தலை அவை ஏற்கவில்லை. கரி நஞ்சைப் பற்றும் என்பதற்குத் துவேரியின் செயல் சான்றாகலாம். அது நோயாளியைக் காக்கும் என்பதற்குச் சான்றாகாது. இவ்விரு வினாக்களையும் வேறுபிரித்து அறிய ஒன்றரை நூற்றாண்டிற்கு மேலாயிற்று என்பதே இவ்வரலாற்றால் நாம் பெறும் முடிபாம்.