வாக்கர் நடந்தவர் அல்லர்

ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் 1820-இல் மளிகைக் கடை திறந்த ஜான் வாக்கரை இன்று உலகம் அறிவது விஸ்கியால். 1908-இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் அந்த நிறுவனத்துக்கு ஒரு சின்னம் வரைந்து கொடுத்தார்: உயரத் தொப்பி, சிவப்புக் கோட்டு, கையில் பிரம்பு, எட்டி நடைபோடும் கனவான். வாக்கர் என்றால் நடப்பவர்தானே! ராணி காமிக்ஸில் நாம் படித்த முகமூடி வீரர் மாயாவியும் கோட்டு மாட்டி நகரத்துக்கு வரும்போது சொல்லிக்கொள்ளும் பெயர் வாக்கர். அங்கும் அதே சிலேடை. விளம்பரத்துக்கும் சித்திரக்கதைக்கும் அது போதும். சொல்லின் வரலாறு வேறு பக்கம் போகிறது.

பழைய ஆங்கிலத்தில் 'வெயால்கன்' என்ற வினைக்குப் புரட்டுவது, உருட்டுவது, அலைக்கழிப்பது என்று பொருள். அதைத் தொழிலாகச் செய்தவர் 'வெயால்கெரே', பின்னாளில் வாக்கர். அவர் புரட்டியது கம்பளித் துணியை. தறியிலிருந்து இறங்கும் கம்பளி பிசுபிசுப்பாகவும் இழைகளுக்கிடையே சந்து விட்டும் இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட மூத்திரமும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து, உள்ளே இறங்கி மணிக்கணக்கில் மிதித்துத் துவைப்பார்கள். மூத்திரத்தின் அம்மோனியாவும் மண்ணும் எண்ணெயை இழுத்துவிடும். மிதிபட மிதிபடக் கம்பளி மயிரின் நுண்செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள, துணி சுருங்கித் தடிக்கும். குளிர் தாங்கும் துணி அதற்குப் பிறகுதான். மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய வேலை. ஆனால் இடைக்கால இங்கிலாந்தின் பெருஞ்செல்வம் கம்பளியிலிருந்து வந்தது.

அந்தக் களிமண் நம் வீட்டுக்கும் வருவதுதான். நாட்டு மருந்துக் கடையில் முல்தானி மிட்டி என்று கேட்டு வாங்கி முகத்தில் பூசுகிறோம். ஆங்கிலத்தில் அது 'ஃபுல்லர்ஸ் எர்த்', அதாவது ஃபுல்லரின் மண். அந்த ஃபுல்லர் வேறு யாருமல்லர், நம் வாக்கரேதான். ஒரே தொழிலுக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர்கள் இருந்தன. தென்கிழக்கில் லத்தீன் வேரிலிருந்து வந்த ஃபுல்லர். டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். வதைப்பது என்று பொருள்தரும் பழைய வினையிலிருந்து வந்தது, துணி படும் பாட்டுக்குப் பொருத்தமே. வடக்கிலும் மேற்கு நடுநாட்டிலும் வாக்கர். எக்ஸிடர் நகரில் நெசவாளரும் துவைப்போரும் சேர்ந்த சங்கத்தின் 1471-ஆம் ஆண்டுக் கூடத்துக்கு இன்றும் டக்கர்ஸ் ஹால் என்றே பெயர். ஊர் வழக்கில் இருந்த சொல்லே குடும்பப் பெயராக உறைந்துபோனதால், பழைய வரிப் பட்டியல்களில் இம்மூன்றும் வரும் இடங்களைக் குறித்தாலே வட்டார வழக்கின் வரைபடம் கிடைத்துவிடும். வேல்ஸில் துணி துவைக்கும் ஆலைக்குப் 'பாண்டி' என்று பெயர். டோனிபாண்டி என்ற சுரங்க ஊரின் பெயரில் ஒட்டியிருப்பது அதுதான். புதுச்சேரிக்காரர்கள் உறவு கொண்டாட வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1185-இல் டெம்ப்ளர் துறவி வீரர்கள் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்தபோதே, ஆற்று நீரால் இயங்கும் துவைப்பாலைகள் அதில் இடம்பெற்றன. சக்கரம் சுழல, மரச் சம்மட்டிகள் மாறிமாறித் துணியை அடித்தன. குடும்பப் பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை இறங்கத் தொடங்கியது பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில். அதாவது, பெயர் நிலைத்தபோது காலுக்கு வேலை குறைந்துகொண்டிருந்தது. முதல் வாக்கர்களில் பலர் மிதித்தே இருக்கமாட்டார்கள், ஆலைதான் நடத்தியிருப்பார்கள் என்பது என் எண்ணம். அந்த வினைச்சொல்லும் மெல்லப் பொருள் மாறி, நடப்பது என்றாகிவிட்டது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மட்டும் 20-ஆம் நூற்றாண்டு வரை பெண்கள் பலகையைச் சுற்றி அமர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே ஈரக் கம்பளியை அடித்துத் தடிக்கவைத்தார்கள்.

இன்று இங்கிலாந்தில் மிக அதிகமாக வழங்கும் இருபது குடும்பப் பெயர்களுள் வாக்கரும் ஒன்று. ஸ்டாக்டன் ஊரின் மருந்துக் கடைக்காரர் ஜான் வாக்கர் 1827-இல் உரசினால் பற்றும் தீக்குச்சியை விற்கத் தொடங்கினார். காப்புரிமை வாங்காததால் லாபம் பிறருக்குப் போயிற்று. அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் 'டபிள்யூ'வும் வாக்கரே, அப்பாவைப் பெற்ற பாட்டி வழியில் வந்தது.

நமக்கு நெருங்கிய வாக்கர் கில்பர்ட் வாக்கர். 1868-இல் கம்பளிக்குப் பேர்போன ராச்டேல் ஊரில் பிறந்தவர். பூமராங் எறிவதில் பித்துப்பிடித்த கணிதக்காரர். வானிலையைப் படிக்காதவரை 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக்கினார்கள். பருவமழை எப்போது பொய்க்கும் என்று அறிய, உலகெங்குமிருந்து வந்த காற்றழுத்தக் கணக்குகளை எழுத்தர்களை வைத்து ஒப்பிட்டார். பசிபிக்கில் அழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடலில் குறைகிறது என்ற ஊசலாட்டம் அதில் வெளிப்பட்டது. எல் நினோ செய்திகளில் அடிபடும் 'வாக்கர் சுழற்சி'க்கு 1969-இல் அவர் பெயரை வைத்தவர் வானிலை அறிஞர் பியர்க்னஸ்.

1913 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் இருந்த ஓர் எழுத்தரின் கணக்குகளைக் காட்டினார்கள். பார்த்தவர் உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். பட்டம் இல்லாத இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அந்நாளில் பல்கலைக்கழகத்தின் பதிவாளராக இருந்தவர் பிரான்சிஸ் டியூஸ்பரி. டியூஸ்பரி என்பது யார்க்‌ஷையரில் ஒரு கம்பளி ஊர்.