பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து

போன ஆண்டு பிப்ரவரிக் கடைசியில் என் பழைய மாணவி ஒருத்தி அழைத்தாள். இளங்கலையை எங்கள் கல்லூரியில் முடித்துவிட்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை படிக்கிறவள். மகளிர் நாளுக்குத் தோழிகள் சேர்ந்து பதாகை எழுதுகிறார்களாம். "மேடம், நம்ம யுனிவர்சிட்டியில படிச்சுப் பேர் வாங்குன பொண்ணுங்க பத்துப் பேர் வேணும். பேரு, பதவி, விருது. அவ்ளோதான். நாளைக்குள்ள சொல்லுங்க."

நானும் அங்கே முனைவர் பட்டம் வாங்கியவள்தான். பத்துப் பெயர்தானே என்று காகிதத்தை எடுத்தேன். கேட்டது பெண்களை, வந்து நின்றதெல்லாம் ஆண்கள். தமிழ் முதுகலை படித்துப் பின்னால் அமைச்சர்களான க. அன்பழகன், இரா. நெடுஞ்செழியன். கடலூரில் பிறந்து அண்ணாமலையில் பொருளாதாரம் படித்த கி. வீரமணி. இலங்கைத் தமிழரான தனிநாயகம் அடிகள், 1940களில் இங்கே வந்து தமிழ் படித்தவர், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடக் காரணமானவர். பண்டிதமணி கதிரேசனாரிடம் பாடம் கேட்டு, பிறகு மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான வ.சுப. மாணிக்கம். 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான வ.அய். சுப்பிரமணியம். மூச்சு விடாமல் இன்னும் நாலைந்து பேரைச் சொல்லியிருப்பேன்.

பெண்கள் பக்கத்தில் முதல் பெயர் உடனே வந்தது: பத்மா சுப்ரமணியம். ஆடற்கரணங்களை ஆராய்ந்து அண்ணாமலையில் முனைவர் பட்டம் பெற்றவர். 1981இல் பத்மஸ்ரீ, 2003இல் பத்மபூஷண், 2024இல் பத்மவிபூஷண். பதாகையில் எழுத இதைவிட எடுப்பான வரி கிடைக்காது. அதற்குப் பிறகு பேனா நின்றுவிட்டது.

எனக்குத் தெரிந்த பெண்கள் இல்லாமலில்லை. என்னோடு படித்தவர்களில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், கல்லூரி முதல்வர்கள் இருக்கிறார்கள். ஆனால் 'பேர் வாங்கியவர்' என்ற சொல்லுக்குள் அவர்களை உட்காரவைக்க முடியவில்லை. அந்தச் சொல்லை அளந்து வெட்டியதே அமைச்சர், துணைவேந்தர், தலைவர் என்ற பதவிகளை வைத்துத்தான். இந்தியாவில் இருபாலரும் படிக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதன்முதலாக ஒரு பெண் துணைவேந்தரானது 1949இல், பரோடாவில் ஹன்சா மேத்தா. அதுவரை அந்த நாற்காலி ஆணின் அளவுக்கே செய்யப்பட்டிருந்தது.

பத்மா சுப்ரமணியத்தின் ஆய்வு சிதம்பரத்துக்கு மிக நெருக்கமானது. நடராசர் கோயில் கோபுர வாயில்களின் உட்சுவர்களில் நூற்றெட்டுக் கரணங்களையும் ஆடிக்காட்டும் சிற்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் கரணங்களைச் சிவன் ஆடுகிறார். சிதம்பரத்தில் ஆடுகிறவள் பெண். அவை உறைந்த நிலைகள் அல்ல, ஓர் அசைவின் நடுவே பிடித்த கணங்கள் என்று காட்டியதுதான் பத்மாவின் பங்களிப்பு. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் ஒவ்வொரு சிற்பத்தோடும் நாட்டிய சாத்திரத்தின் வடமொழி வரிகள் கிரந்தத்தில் வெட்டியிருக்கின்றன. கரணத்துக்குப் பெயர் இருக்கிறது. ஆடியவளுக்கு இல்லை. வடக்குக் கோபுரத்துக்குள் போனால், அதைக் கட்டிய தச்சர்கள் உருவமும் பெயருமாகச் சுவரில் நிற்கிறார்கள். ஆய்வு மாணவியாக இருந்த நாட்களில் அந்த வாசலில் மழைக்கு ஒதுங்கியபோதெல்லாம் இதைக் கவனித்திருக்கிறேன். அப்போது கோபம் வரவில்லை. இந்தக் காகிதத்தின் முன் உட்கார்ந்தபோது வந்தது.

சரி, ஏன் இப்படி? பல்கலைக்கழகம் பிறந்த விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியிலிருந்து வளர்ந்து, 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929இல் உருவானது அது. சென்னைப் பல்கலைக்கழகம் போல ஊர் ஊராகக் கல்லூரிகளை இணைத்துக்கொண்டதல்ல. ஒரே வளாகம், ஆசிரியரும் மாணவரும் அங்கேயே தங்கிப் படிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகம். அன்றைக்கு அது ஓர் உயர்ந்த கனவு. ஆனால் 'தங்கிப் படிப்பது' என்ற சொல் ஆண்பிள்ளைக்கு ஒரு பொருள் தரும், பெண்பிள்ளைக்கு இன்னொரு பொருள் தரும். ரயில் பாதைக்குக் கிழக்கே, ஊருக்கு வெளியே, திருவேட்களத்தில் ஒரு வளாகம். அங்கே மகளைப் பெட்டியோடு இறக்கிவிட்டுத் திரும்ப எத்தனை வீடுகளுக்குத் துணிச்சல் இருந்திருக்கும்? சென்னையில் பெண்களுக்கென்று 1914இல் ஒரு கல்லூரியும் (இன்றைய ராணி மேரி) 1915இல் மகளிர் கிறித்தவக் கல்லூரியும் வந்துவிட்டன. தென்னார்க்காட்டுப் பெண்ணுக்கு அவை எட்டாத தூரம்.

கேம்பிரிட்ஜ் பெண்களை உட்காரவைத்துப் பாடம் சொல்லியும், ஆண்களுக்குச் சமமான பட்டத்தை 1948 வரை கொடுக்கவில்லை. அப்படியொரு எழுதிய தடை இங்கே தேவைப்படவில்லை. வீடு பார்த்துக்கொண்டது.

அந்த வீட்டைத் தாண்டிவர ஒரு சந்து பின்னாளில்தான் திறந்தது. எங்கோ இருந்து படித்துத் தேர்வு மட்டும் எழுதிப் பட்டம் வாங்கும் முறையை லண்டன் பல்கலைக்கழகம் 1858லேயே தொடங்கிவிட்டது; 1878இல் பெண்களுக்கும் பட்டம் கொடுத்தது. நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அண்ணாமலையில் அது 1979இல் வந்தது. தங்கிப் படி என்று சொன்ன பல்கலைக்கழகம், ஐம்பது ஆண்டு கழித்து, 'நீ இருக்கும் இடத்திலேயே இரு, நான் வருகிறேன்' என்றது. தபால்காரர் வழியாக வந்தது.

எங்கள் வீட்டில் அது பெரியம்மாவுக்கு வந்தது. புவனகிரிக்குப் பக்கத்தில், வெள்ளாற்றங்கரை ஊர் எங்களுடையது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய நந்தனார் பள்ளி மட்டும் இல்லாவிட்டால் எங்கள் தெருப் பெண்கள் கையில் சிலேட்டு ஏறியிருக்காது. பெரியம்மா அங்கே பத்தாம் வகுப்பு, பிறகு ஆசிரியப் பயிற்சி. 1972இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. முப்பத்தொரு வயதில், இரண்டு பிள்ளைகளோடு, பி.ஏ. தமிழுக்குப் பணம் கட்டினார். 'கரஸ்'ஸில் படிக்கிறேன் என்று வெளியே சொல்லக் கூச்சம். கரஸ் என்றால் மட்டம் என்ற எண்ணம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

எனக்கு நன்றாக நினைவிருப்பது அவர் எம்.ஏ. படித்த காலம். எனக்கு ஏழு வயது. பாடப் புத்தகங்கள் கட்டாக வரும். மேலே சுற்றிய காக்கித் தாளை எங்கள் நோட்டுகளுக்கு அட்டை போட எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் திருத்தும் சிவப்புப் பேனாவாலேயே பாடத்திலும் கோடு போடுவார். ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தால் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "பாப்பா, நான் சொல்றேன், சரியான்னு பாரு" என்பார். தொல்காப்பியச் சூத்திரமும் உளுந்து மாவும் சேர்ந்தே அரையும். "சேனாவரையர் இன்னா சொல்றாருன்னா" என்று அடிக்கடி கேட்டுக் கேட்டு, சேனாவரையர் எங்கள் உறவுக்காரர், எப்போதோ வீட்டுக்கு வந்துபோனவர் என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பின்னாளில் நான் தமிழ் படிக்கப் போனதற்கு இலக்கிய ஆர்வம் என்று நேர்காணல்களில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அந்த ஆட்டுக்கல்தான்.

தேர்வுக்கு ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். மண்டபத்துக்குள் செவிலியர், ஆசிரியைகள், காவலர் உடுப்பில் ஒரு பெண். வெளியே வேப்பமரக் கிளையில் புடவையில் ஏணை கட்டி, யாருடைய மாமியாரோ பேரப்பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் அந்தப் பிள்ளைக்கு நான் விளையாட்டுக் காட்டினேன். முதல் மணி அடித்ததும் ஒரு பெண் ஓடிவந்து, பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடினாள். அனுமதித்த கண்காணிப்பாளர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

பட்டமளிப்பு விழா சாஸ்திரி அரங்கத்தில் நடக்கும். பெரியம்மா போகவில்லை. வராதோருக்கு அனுப்பும் முறையில், பதிவுத் தபாலில் பட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, டிரங்குப் பெட்டியில் வைத்தார். கவுன் இல்லை, படம் இல்லை. அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த விருது என்னவென்றால், ஊக்க ஊதிய உயர்வு. மேற்படிப்பு முடித்த ஆசிரியர்களுக்கு அரசு கொடுத்துவந்த அந்த உயர்வில்தான் எங்கள் வீட்டுக் கூரை ஓடானது. வாசலில் 'பி.ஏ.' போட்ட பெயர்ப்பலகை பெரியப்பாவுடையது. எம்.ஏ. படித்தவருக்குப் பலகை இல்லை.

அப்படியானால் இந்தப் பெண்களின் பெருமைகளை எங்கே போய்த் தேடுவது? விருதுப் பட்டியல்களில் கிடைக்காது. கல்யாணப் பத்திரிகைகளைப் பாருங்கள். நம் ஊரில் பெயருக்குப் பின்னால் பட்டம் அச்சாகும் இடம் அதுதான். எங்கள் பகுதிப் பத்திரிகைகளை ஒரு பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். பழையவற்றில் மணமகனுக்குப் பட்டம். மணமகளுக்குச் 'செல்வி' மட்டும். பிறகு மணமகளுக்கும் பி.ஏ. வருகிறது. மணமக்களின் தாய்மார் பெயருக்குப் பின்னால் பட்டம் வர இன்னும் ஒரு தலைமுறை ஆனது. அப்படி வந்தவற்றில் பல, வேலையும் பிள்ளையுமாக இருந்துகொண்டே தபாலில் படித்த பட்டங்கள். இன்னொரு ஆவணம், பணி நிறைவுப் பாராட்டு விழா வாழ்த்துமடல். கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பார்கள். 'அன்னையாய், ஆசானாய்' என்று பாட்டு அசட்டுத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் எந்தெந்தப் பள்ளி, எந்த ஆண்டு, எப்போது தலைமையாசிரியை என்பது அதில் துல்லியமாக இருக்கும். பல்கலைக்கழக வரலாறு எழுதுகிறவர்கள் இந்தச் சட்டங்களைக் கழற்றிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பட்டங்களின் மதிப்பு ஒருநாளும் ஓரிடத்தில் நின்றதில்லை. அஞ்சல்வழியிலேயே இன்னொரு வாசல் இருந்தது: திறந்தநிலை முறை. பள்ளிப் படிப்போ இளங்கலையோ முடிக்காதவரும் வயதைத் தகுதியாகக் காட்டி நேரே எம்.ஏ. எழுதலாம். 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டு இளங்கலை இல்லாமல் பெற்ற முதுகலை பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிகளுக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. வழக்கு அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவி பற்றியது, அதாவது ஓர் ஆணின் பதவி பற்றியது. அதே ஆண்டு, பத்து, பன்னிரண்டு, இளங்கலை என்ற படிவரிசை இல்லாத முதுகலை அரசு வேலைக்கு ஆகாது என்று தமிழக அரசு ஆணையிட்டது. தரம் குறித்து நீதிமன்றம் கவலைப்பட்டதில் எனக்கு மறுப்பில்லை. நானும் விடைத்தாள் திருத்துகிறவள். ஆனால் பள்ளியைப் பாதியில் விட்டவர் யார் என்று ஒரு நிமிடம் யோசிக்கவேண்டும். வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டவள், தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்டவள், பதினேழில் தாலி ஏறியவள். படிவரிசை குலைந்தது அவளால் அல்ல. அந்த வரிசையைக் கேட்டு அவளிடம் சான்றிதழ் கேட்டார்கள்.

2013இல் பல்கலைக்கழகத்தை அரசே எடுத்துக்கொண்டது. 2020 மார்ச்சில் மேற்படிப்புக்கான ஊக்க ஊதிய உயர்வை அரசு நிறுத்தியது. 2022 மார்ச்சில் மானியக் குழு, அண்ணாமலையின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று பொது அறிவிப்பு வெளியிட்டது. அன்று என் கைப்பேசிக்கு வந்த அழைப்புகள் எல்லாம் பெண்களுடையவை. "அக்கா, என்னுது செல்லுமா?" ஒவ்வொருத்தியிடமும் சேர்ந்த ஆண்டைக் கேட்டுக் கேட்டுச் சொன்னேன்.

பதாகைக்கு ஒன்பது பெயர்களை ஒருவழியாகத் தேற்றிவிட்டேன். பத்மாவுக்குக் கீழே பேராசிரியைகள், ஒரு செவிலியர் கண்காணிப்பாளர், நல்லாசிரியர் விருது வாங்கிய இருவர். பத்தாவதுக்காக ஊருக்குப் போனேன். பெரியம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்து. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "நான் இன்னா கலெக்டரா? என் பேரப் போட்டா அந்தப் புள்ளைங்களத்தான் கேலி பண்ணுவாங்க."

"படம் ஒண்ணு வேணும் பெரிம்மா. படிச்ச காலத்துப் படம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அந்துருண்டை வாசம். பாலித்தீன் உறைக்குள் இரண்டு பட்டங்கள், மதிப்பெண் பட்டியல்கள், அவற்றுக்கு அடியில் மடங்கி நைந்த ஓர் அடையாள அட்டை. முப்பத்தொரு வயதுப் பெரியம்மா, கனகாம்பரம் வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கிறார். முத்திரையின் பாதி அவர் தோளில் விழுந்திருக்கிறது. 'மாணவர் கையொப்பம்' என்ற இடத்தில் குண்டு குண்டான வாத்தியார் எழுத்து.

புடவைத் தலைப்பால் அதைத் துடைத்து என் கையில் வைத்தார்.

"போட்டோ எடுத்துட்டு இதத் திருப்பிக் குடுத்துடணும் பாப்பா. ஞாயித்துக்கிழமைக்குள்ள."