ஆறுமணிக் குருவியும் ஒரு தெலுங்குச் சொல்லும்

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் உள்ள திருவாலங்காட்டுப் பக்கத்தாராகிய நமக்குத் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் மொழிகள். திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்ததே 1960 ஏப்ரலில்தான். ஆதலால், பறவை நூல்களில் ‘பிட்டா’ என்னும் பெயரைக் காணும்போது, நமக்கு அகராதி தேவைப்படுவதில்லை. ‘பிட்ட’ என்றால் தெலுங்கில் சிறு பறவை.

தமிழில் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்கு ஈரசையாகச் சீழ்க்கையடிப்பதால் வந்த பெயர் அது. பச்சை முதுகு, நீலத்திட்டுள்ள சிறகு, செந்நிற அடிவயிறு, கண்வழியே கரும்பட்டை என வண்ணங்கள் பல. வாலோ மிகக் குட்டை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கோடையில் கூடுகட்டி, குளிர்காலத்தில் தென்னகத்துக்கும் இலங்கைக்கும் வருகிறது. பாடும் பறவைகளின் உட்பிரிவில் நூலோர் இதனைச் சேர்ப்பதில்லை. அந்தியில் அச்சீழ்க்கையைக் கேட்டவர்க்கு அது ஒரு பொருட்டன்று.

இப்பெயர் உலகேறிய கதை புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்குகிறது. அங்கே மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி, சென்னைப் பறவைகளின் சித்திரங்களையும் குறிப்புகளையும் இலண்டனில் மருந்து வணிகரான ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். ஜான் ரே என்னும் இயற்கையறிஞர் 1705இல் மறைந்தபின், 1713இல் வெளிவந்த அவரது பறவை நூலின் பின்னிணைப்பாக அவை அச்சேறின. இந்தியப் பறவையியலின் தொடக்க ஏடுகளுள் ஒன்று அது. ‘பொன்னுங்கி பிட்டா’ போன்ற உள்ளூர்ப் பெயர்கள் அதில் அப்படியே பதிவாயின. கோட்டையை அடுத்த ஊரில் தமிழரும் தெலுங்கரும் கலந்தே வாழ்ந்தனர். பெயர் சொன்ன வாய் தெலுங்கு பேசிய வாய் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

1766இல் லின்னேயஸ் இப்பறவையைக் காக்கைப் பேரினத்தில் கொண்டுபோய் வைத்தார்! 1816இல் பிரெஞ்சு அறிஞர் வியெய்யோதான் ‘பிட்டா’ என்று தனிப் பேரினம் வகுத்தார். இன்று ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரையுள்ள இதன் உறவினங்கள் அனைத்தும் சென்னையில் கேட்ட அந்தத் தெலுங்குச் சொல்லாலேயே அறியப்படுகின்றன.

இப்பறவைக்கு வேண்டுவது பெருமரக் காடன்று. சருகு மூடிய தரையும் அதன்மேல் அடர்ந்த புதரும். சருகைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்கிறது. சென்னையில் அதற்கு எஞ்சிய இடங்களுள் கிண்டிப் பூங்கா முதன்மையானது. ஏறக்குறைய 270 எக்டேர் பரப்பு. முன்பு இன்னும் பெரிது. ஐ.ஐ.டி.யும் தலைவர்களின் நினைவிடங்களும் அக்காட்டிலிருந்து பிரித்தெடுத்த நிலத்தில் எழுந்தவையே. இரவில் வலசை செல்லும் இக்குருவி, நகர விளக்கொளியில் திகைத்துச் சுவரில் மோதி விழுவதும் உண்டு.

நம் பக்கத்துப் புதர்க்காட்டுக்கு ஆவணங்களில் பெரும்பாலும் ‘தரிசு’ என்றே பெயர். தொழிற்பேட்டைக்கு நிலம் தேடுவோர் கண்ணுக்கு அது வெற்றிடம். காரைக்கால் அம்மையார் கண்ணுக்கு அப்படித் தோன்றவில்லை. ஆலங்காட்டைப் பாடியவர், அங்கே மண்டிய சூரையையும் காரையையும் பெயர் சொல்லியே பாடினார். அவ்விரு முட்புதர்களும் நம் வட்டாரத்தில் இன்றும் உள்ளன. ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு மாலை, ஆறு மணிக்குச் சற்று முன்னதாக, அவற்றின் அருகே சென்று நிற்கலாம். பறவை கண்ணில் படுவது அரிது, குரல் கேட்கும்.